பிரபு வம்சமும் டைல்ஸ்காரனின் இகாமாவும்

நான் ஒரு பிரபுவிடம் வேலை பார்த்திருக்கிறேன். சும்மா பேச்சுக்குச் சொல்கிற பிரபு இல்லை, அசல் சரக்கு. பிரான்ஸ் நாட்டின் மேற்கு மூலையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி என்ற பகுதியில், பல தலைமுறைகளாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்த பட்டம் அவருடையது. பிரபுக்களின் ஏணியில் அது நடுப்படி. மேலே இருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படவும் கீழே இருப்பவனைப் பார்த்து முகம் சுளிக்கவும் வசதியான இடம் என்று அவரே ஒருநாள் சொன்னார்.

அந்தப் பட்டத்தின் அன்றைய சொந்தக்காரர் சவுதி அரேபியாவின் அல் கோபாரில், எண்ணெய் ஆலைகளுக்குக் குழாய்ப் பாதை வரைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், டிசைன் பிரிவுக்கு மேனேஜராக இருந்தார். நான் அவருக்குக் கீழே வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது, எங்களுக்கு ஓவர்டைமும் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கும் ஒரு பட்டம் இருந்தது. அது இகாமாவில் இருந்தது. இகாமா என்பது அந்த நாட்டில் குடியிருக்க அனுமதி அட்டை. நீ யார், உனக்குப் பொறுப்பேற்ற முதலாளியான கஃபீல் யார், நீ என்ன தொழில் செய்ய வந்தாய் என்று அது அரபியில் சொல்லும். எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது என்பதால், டிராஃப்ட்ஸ்மேன் என்றுதான் எழுதியிருக்கும் என்று நம்பிப் பல மாதம் நிம்மதியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கம்பெனியின் அரசாங்க வேலைகளுக்கு அலையும் சூடானிக்காரர் ஒருநாள் வாசித்துக் காட்டினார். மந்தூப் என்று அவரைச் சொல்வோம். "தரையில் டைல்ஸ் பதிப்பவர்" என்றார்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, வலையைத் தொடாமல் பாலிடெக்னிக்கில் படித்து, மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கியவன் நான். வாழ்நாளில் ஒரு டைல்ஸ்கூடப் பதித்ததில்லை. கம்பெனியிடம் டைல்ஸ்காரர்களுக்கான விசா மிச்சம் கிடந்திருக்கிறது. வீணாக்குவானேன் என்று என்னை அதில் அடைத்து அனுப்பிவிட்டார்கள். மும்பை ஏஜென்ட் அன்றைக்கே சொல்லியிருந்தார்: "விசால என்ன இருந்தா என்ன தம்பி? வேல டிராஃப்டிங்தான. பேப்பரயா திங்கப் போறிய?"

பேப்பரைத் தின்ன வேண்டியதில்லைதான். ஆனால் டைல்ஸ்காரனுக்குக் குடும்ப விசா கிடையாது. பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் தகுதி, அந்த நாட்டுச் சட்டத்தில், சில தொழில்களுக்கு மட்டும்தான் இருந்தது. டைல்ஸ்காரனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் போலும்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் பிறந்தபோது நான் அல் கோபாரில் ஒரு பம்ப் ஹவுஸ் வரைந்துகொண்டிருந்தேன். லீவில் போனபோது ஒரே ஒரு தடவை பார்த்தேன். தூக்கியதும் வீறிட்டு அழுதாள், பழகுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. மற்றபடி என் தகப்பன் பதவி முழுக்க முழுக்க டெலிபோனில்தான் நடந்தது. வியாழன் சாயங்காலம் கூப்பிட்டு, "சாப்பிட்டியா மக்ளே?" என்பேன். அவள் "சாப்பிட்டேன்" என்பாள். அதற்கு மேல் எங்கள் இருவருக்குமே பேச்சு வராது. போன் கைமாறி மனைவியிடம் போகும்.

"எப்பதான் எங்களக் கூட்டிட்டுப் போறிய? பிள்ள கேக்கா," என்பாள் மனைவி.

"இகாமால தொழில மாத்தணும். மேனேஜர் ஒரு கடுதாசி குடுக்கணும். சொல்லியிருக்கேன்."

"போன மாசமும் அதத்தான சொன்னிய."

அதைத்தான் சொன்னேன். மந்தூப் வழி சொல்லியிருந்தார்: டிசைன் பிரிவுக்கு இந்த ஆள் வேண்டும், இவன் செய்வது டைல்ஸ் வேலை இல்லை என்று பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். ஒரு பக்கக் கடிதம். அடித்து, கோப்பில் வைத்து, பிரபுவின் மேசையில் வைத்தாயிற்று. பிரபு அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார். "அடுத்த வாரம்" என்றார். அவருக்கு நிர்வாக விஷயங்கள் என்றாலே அலர்ஜி.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அரை நாள் டூட்டி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கடிதத்தைப் பற்றித்தான் என்று நினைத்து வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அவர் கேட்டது வேறு. அவருடைய வம்ச விருட்சத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஆபீஸில் இருக்கும் பெரிய பிளாட்டரில், ஆலை வரைபடத்துக்கு எடுக்கும் அகலத் தாளில் எடுத்துத் தர முடியுமா? ஆகஸ்டில் ஊரில் குடும்பம் மொத்தமும் கூடுகிறது, சுவரில் மாட்ட வேண்டும்.

முடியாது என்று சொல்ல நான் என்ன பிரபுவா? வியாழன் மத்தியானங்கள் அவருடைய முன்னோர்களுக்கு என்று ஆயிற்று.

முதல் பிரபுவின் கதையே எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிரிட்டனியை ஆண்ட டியூக் ஒரு சண்டையில் தோற்று ஓடும்போது அவருடைய குதிரை விழுந்துவிட்டது. எங்கள் ஆள் தன் குதிரையைக் கொடுத்தார். டியூக் தப்பித்துப் போய்ப் பட்டத்தை அனுப்பி வைத்தார். அதாவது, ஜெயிக்க உதவியதற்கு இல்லை, ஓட உதவியதற்குக் கிடைத்த பட்டம். "அப்புறம் உங்கள் முன்னோர் எப்படித் தப்பித்தார் சார்?" என்று கேட்டேன்.

"நடந்து," என்றார் பிரபு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இரண்டாமவர் புறாக்கூண்டு கட்டினார். கூண்டு என்றால் நம்மூர்க் கூண்டு இல்லை, கல்லில் கட்டிய கோபுரம். புறா வளர்க்கும் உரிமை பிரபுவுக்கு மட்டும். அந்தப் புறாக்கள் குடியானவன் வயலில் இறங்கி விதையைத் தின்னும். குடியானவன் ஒரு கல் எடுத்து எறியக்கூடாது. மூன்றாமவர் மாதா கோயிலில் முன் பெஞ்சு யாருக்கு என்று பக்கத்துப் பிரபுவோடு வழக்குப் போட்டார். இருவரும் செத்த பிறகும் பேரன்மார் வழக்கை நடத்தினார்கள். எங்கள் ஊரில் திருவிழாச் சப்பரத்துக்கு யார் முதலில் தோள் கொடுப்பது என்று கல்லெறி நடந்து போலீஸ் வந்திருக்கிறது. அதனால் இந்த மூன்றாமவரை எனக்குச் சொந்தக்காரரைப்போல் நன்றாகவே தெரிந்தது.

ஐந்தாமவர் காலத்தில் சொத்தெல்லாம் கரைந்துவிட்டது. அவரே ஏர் பிடித்தார், ஆனால் இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு. வாள் இருந்தால் பிரபு, இல்லாவிட்டால் உழவன். மாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரிந்ததா என்று பிரபு சொல்லவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டேனே தவிர, எனக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் அறையில் நாலு பேர், நாலு கட்டில், ஒரு ஏசி. என்னைத் தவிர மூன்று பேரும் ஆண்ட பரம்பரை. ஒருவன் தாத்தாவுக்கு யானை இருந்தது, இன்னொருவன் பாட்டனாருக்கு ஏழு ஊர் இருந்தது, மூன்றாமவன் வம்சத்துக்குக் கோட்டையே இருந்தது, அதை யாரோ சூழ்ச்சி செய்து எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் ஆளாத பரம்பரையே கிடையாது. ஆளப்பட்டவர்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. கோட்டைக்காரன் சைட்டில் வெல்டர். இகாமாவில் சமையல்காரன்.

வரையும்போதுதான் பழகிய கையால் ஒரு பிரச்சினை வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குழாய் வரைவது. ஆகவே வம்சத்தையும் குழாயாகவே வரைந்தேன். மேலே முதல் பிரபு, அவரிடமிருந்து தடித்த கோடு கீழே இறங்கும், பிள்ளைகள் கிளைக் குழாய்கள். பிள்ளையில்லாமல் செத்தவருக்குக் குழாயின் முனையில் மூடி. பிரபுவுக்கு அது பிடித்துப்போயிற்று. தொழில்காரர் அல்லவா? ஆனால் ஒரு திருத்தம் சொன்னார். "பெண்களுக்கும் மூடி போடு."

"அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றனவே சார்?"

"பட்டம் ஆண் வழியில்தான் ஓடும். பெண்ணோடு முடிந்துவிடும்."

போட்டேன். மூடி மூடி என்று தாள் முழுக்க மூடிகள். கடைசியில் அடிவரிசைக்கு வந்தோம். பிரபுவுக்கு ஒரே மகள். மனைவி எப்போதோ விவாகரத்து வாங்கிப் போய்விட்டாள், மகள் அங்கே காலேஜில் படிக்கிறாள். எனக்குக் கை கொஞ்சம் நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "விதி விதிதான்" என்றார். அவளுக்கும் ஒரு மூடியைப் போட்டேன்.

இத்தனைக்கும் பெரிய சிக்கல் ஏழாமவர். அவரைப் பற்றிக் கேட்டாலே பிரபு தண்ணீர் குடிப்பார். மூன்று வியாழக்கிழமைகள் இழுத்தடித்துவிட்டு, கடைசியில், யாரோ கொலை செய்ததைச் சொல்வதுபோல் மெல்லிய குரலில் சொன்னார். ஏழாமவர் உப்புப் போட்ட மத்தி மீனைப் பீப்பாயில் அடைத்து விற்றார்.

அதற்குத்தான் இந்தப் பாடு! இந்த மனிதர் கடற்கரை ஊரில் இருந்துகொண்டு ஏன் மீனைத் தொடுவதே இல்லை என்று அன்றுதான் புரிந்தது. எங்கள் ஊரில் மத்தியைச் சாளை என்போம். என்னுடைய டிப்ளமாவே சாளைக் கருவாடு விற்ற காசுதான். சாளைக்கு வெட்கப்பட்ட குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிரபுவின் கவலை வேறு. வியாபாரம் செய்தால் பிரபுப் பட்டம் போய்விடும் என்பது பிரான்ஸில் விதி. உழலாம், கடன் வாங்கித் திரும்பக் கொடுக்காமல் இருக்கலாம், விற்கக்கூடாது. ஆனால் பிரிட்டனியில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. ஏழைப் பிரபுக்கள் அதிகமல்லவா, அதனால் கண்டுபிடித்திருக்கிறார்கள். வியாபாரம் செய்யும் பிரபுவின் பட்டம் சாகாது, தூங்கும். தூங்கும் காலத்தில் அவன் சாதாரண ஆளைப்போல் வரி கட்டவேண்டும். கடையை மூடிய பிறகு, நீதிமன்றத்தில் போய், "இனி நான் வியாபாரி இல்லை, பட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்று அறிவித்தால் அது மறுபடி விழித்துக்கொள்ளும்.

"விழித்ததா சார்?"

அதுதான் தகராறு. ஏழாமவரின் தம்பி வழியில் வந்த ஒரு பங்காளி, அறிவித்ததற்கு ஆதாரமே இல்லை, அண்ணன் வழிப் பட்டம் மத்திப் பீப்பாயிலேயே அழுகிவிட்டது, ஆகவே உண்மையான பிரபு தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எங்கள் தொழிலில், தகவல் வந்து சேராத இடத்தைச் சுற்றி மேகம்போல் ஒரு வளைவு போட்டு 'ஹோல்ட்' என்று எழுதுவோம். அது இருக்கும்வரை அந்த இடத்தில் யாரும் வேலை செய்யக்கூடாது. ஏழாமவரைச் சுற்றி மேகம் போட்டேன். கீழே உள்ள அத்தனை பேரும், நம் பிரபு உட்பட, அதற்குள்ளிருந்துதான் தொங்கினார்கள்.

அந்தத் தூக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். பட்டம் விழித்திருந்தால் சொத்தில் மூத்த மகனுக்கு மூன்றில் இரண்டு பங்கு. தூங்கும் காலத்தில் சம்பாதித்ததோ எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. "அப்படியானால் அது தூங்குவதுதான் பெண்களுக்கு நல்லது, இல்லையா சார்?" என்றேன். அவர் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். மேசையில் என் கடிதம் கிடந்தது. இப்போது அதில் மூன்று கோப்பைகளின் வட்டம் இருந்தது.

ஆகஸ்ட் வந்தது. பிரபு தாளைச் சுருட்டி உறையில் போட்டுக்கொண்டு லீவில் பறந்தார். "வந்ததும் கையெழுத்து," என்றார். நான் அதை அப்படியே மனைவியிடம் போனில் சொன்னேன். "பிள்ளட்ட குடுக்கேன்," என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். சாப்பிட்டியா மக்ளே. சாப்பிட்டேன்.

செப்டம்பரில் திரும்பிவந்தவர் வேறு ஆளாக இருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. நானாகவே கேட்டேன், பட்டம் யாருக்கு என்று முடிவாயிற்றா?

"இல்லை. பங்காளி மாதா கோயிலுக்குச் சீக்கிரம் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நான் போனபோது இடமில்லை."

வாய்க்குள் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. ஏதோ பேச வேண்டுமே என்று வரைபடம் எப்படி என்று கேட்டேன். எல்லோரும் அதன் முன்னால் கூடி அவரவர் பெயரைத் தேடினார்களாம். பாராட்டினார்களாம். அவருடைய மகளும் தேடியிருக்கிறாள். கண்டுபிடித்து, அதன் முனையில் இருந்ததை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற யாரோ விளக்கினார்கள். அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்து, "இருபது வருஷம் பாலைவனத்தில் இருந்துவிட்டு, எனக்கு இதைத்தான் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டாளாம்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்தே எத்தனை வியாழக்கிழமை போயிற்று? புதிதாக அடித்த கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். காபி அப்போது இல்லை.

அவர் அதை வாசித்தார். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஒரு பிரசங்கம் செய்தார். இதற்கெல்லாம் ஏன் மனதைப் போட்டு வருத்திக்கொள்கிறாய்? அட்டையில் என்ன எழுதியிருந்தால் என்ன? ஏழாமவர் மீன் விற்றபோதும் உள்ளுக்குள் பிரபுதானே. உன் தொழிலும் அப்படித்தான். அது சாகவில்லை, தூங்குகிறது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. ஒரு வழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்து, அதையே தாலாட்டாகப் பாடி என்னைத் தூங்க வைக்கப் பார்க்கிறார்!

"சார், உங்கள் ஏழாமவர் மத்தி விற்ற காலத்தில், அவருடைய மனைவியும் மகளும் எங்கே இருந்தார்கள்?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "எங்கே இருப்பார்கள்? அவரோடுதான். வீட்டில்."

"என் அறையில் நாலு பேர் இருக்கிறோம் சார். நாலு பேரும் மீசைக்காரர்கள். பட்டம் தூங்கும்போது அவர் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். என் மகளுக்கு என் குரல் மட்டும்தான் தெரியும். அப்புறம், விழிக்க வேண்டுமென்றால் போய் அறிவிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஏழாமவரால் தானாகவே போய் அறிவிக்க முடிந்தது. என்னால் அது முடியாது. நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்."

வெளியே மந்தூப் யாரையோ "யல்லா, யல்லா" என்று விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு பிரபு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சின்னக் கையெழுத்து. இதற்கா இத்தனை மாதம் என்று இருந்தது.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "அந்த வரைபடம் இன்னும் உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"என் மகளுடைய மூடியை எடுத்துவிடு."

"விதி சார்?"

"ஹோல்ட் போடு," என்றார்.

போட்டேன். அந்தத் தாளில் நான் மனப்பூர்வமாகப் போட்ட ஒரே கோடு அதுதான். புதுப் பிரதியை அவர் மகளுக்கு அனுப்பினார். அவள் பதில் எழுதினாளா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மந்தூப் கடிதத்தோடு போய், பலமுறை "இன்ஷா அல்லா" சொல்லி, கடைசியில் என் இகாமாவை மாற்றிக்கொண்டு வந்தார். டிராஃப்ட்ஸ்மேன் என்று மாற்ற கம்பெனிக்கு இடமில்லையாம். குடும்பம் கூட்டிவரத் தகுதியுள்ள தொழிலில் காலியாக இருந்த ஒன்றைப் பிடித்துப் போட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர். அரபியில் எழுதியிருந்த அந்தச் சொல்லை எனக்கு அவர்தான் மொழிபெயர்த்துச் சொன்னார். "மாஃபி முஷ்கில், கலாஸ்," என்று தோளில் தட்டினார். எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. இமாம் என்று எழுதியிருந்தாலும் ஜெபமாலையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வாங்கியிருப்பேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த விமானம் அல் கோபாருக்குப் பக்கத்தில் தம்மாமில் இறங்கியது. தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம், கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். புதுசாக மாட்டிய கறுப்பு அங்கியான அபாயாவில் தடுக்கித் தடுக்கி மனைவி வந்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, ரோஸ் கவுனும் கலைந்த முடியுமாக, மகள். நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அவள் அபாயாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா மக்ளே. இதுதான் அப்பா. போ," என்றாள் மனைவி.

அபாயாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் என்னை மேலும் கீழும் பார்த்தது.

"இது அப்பா இல்ல. அப்பா போனுக்குள்ளல்லா இருக்காவ."

பக்கத்தில் நின்ற மலையாளி சிரித்துவிட்டான். மனைவி சிரிக்கவில்லை, அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்தேன். இரண்டு எட்டு தள்ளிப் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டேன். வழக்கமான குரலில் கேட்டேன்.

"சாப்பிட்டியா மக்ளே?"

பிறகு என் கால்சட்டையை ஒரு சின்னக் கை பிடித்து இழுத்தது. குனிந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காதில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டேன்," என்றாள்.